ஊசி போட்டுப் பிழைக்கவைத்த பேனாக்கள்

போன சனிக்கிழமை நம் சாப்பாட்டு மேசை மேல் ஒரு மை புட்டி, ஊசி மாட்டிய ஒரு சிரிஞ்சு, ஏழெட்டுத் தீர்ந்துபோன ரோலர்பால் பேனாக்கள். மகளே, நீதான் பரப்பி வைத்திருந்தாய். உன் ஃபோனில் யாரோ ஒருத்தன் கையுறை மாட்டிக்கொண்டு, இருதய ஆபரேஷன் செய்கிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, பேனாவுக்குள் மை ஏற்றிக்கொண்டிருந்தான். உன் பள்ளியில் குப்பையைக் குறைக்கிற சங்கமாம். அதற்காகவாம்.

"இந்தக் கருமத்தையெல்லாம் என் வீட்ல வெச்சுக்காத" என்றேன்.

"அப்பா, வை ஆர் யூ சோ மேட்? இட்ஸ் ஜஸ்ட் எ பென்" என்றாய். சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அதற்குப் பதில்தான் இது. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். என் தமிழ் ஐந்தாம் வகுப்புத் தமிழ். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் இங்கே, அதுவும் ஹை ஸ்கூலோடு சரி. சுற்றியிருக்கிற வீடுகளில் எல்லோரும் கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள், நான் அவர்கள் வீட்டு ஏசியும் ஹீட்டரும் பழுது பார்க்கிறேன். அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள். இதில் அப்பா என்று நான் எழுதுவது உங்கள் தாத்தாவை. அக்கா என்பது டெக்சாஸில் இருக்கிற உங்கள் அத்தையை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு, மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊருக்கு வந்து எங்களுக்கு முதல் குளிர்காலம். அப்பா வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு அலமாரி நிறைய ரோலர்பால் பேனா இருக்குமாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நல்ல பேனாதான். தண்ணீர் மாதிரி மை, முனையில் ஒரு பொடிக் குண்டு, பக்கவாட்டில் சின்ன ஜன்னல், அதில் மை ஆடுவது தெரியும். தீர்ந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும், அதற்கென்றே செய்தது. கூட வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் எறிந்தார்கள். அதைப் பார்த்து அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அலமாரியிலிருந்து ஒரு புதுப் பேனாகூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அது திருட்டு. குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தால் அது கெட்டிக்காரத்தனம். மாலையில் கோட்டைக் கழற்றும்போது பாக்கெட்டிலிருந்து நாலைந்து செத்த பேனாக்கள் விழும். பிடித்துவந்த மீனைக் காட்டுகிறவர் மாதிரி அம்மாவிடம் நீட்டுவார்.

"ஏனுங்க, புதுசே சும்மா கெடைக்குதுன்னு சொன்னீங்களே, இது எதுக்குங்க?" என்று அம்மா கேட்டாள்.

"உனக்குப் புரியாது விடு. அவனுக்கு மை தீர்ந்தாப் பேனாவே செத்துப்போச்சு. இதுக்கு உசுரு குடுக்கறது எப்படின்னு நான் காட்டறேன்."

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஏழையில்லை. வேறு வழியில்லாமல் ஒரு பேனாவை மூன்று வருஷம் ஓட்டுகிறவனை நான் கும்பிடுவேன். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஒரு சிரிஞ்சை வைத்துக்கொண்டு அமெரிக்காவையே ஜெயித்துவிட்டதாக இரண்டு பெரிய மனிதர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதைத்தான் நான் காறித் துப்புகிறேன்.

இரண்டாவது மனிதர் மேல்வீட்டு அங்கிள். சென்னைக்காரர், அவரும் கம்ப்யூட்டர்தான். சனிக்கிழமை காலையில் லுங்கியோடு இறங்கி வந்துவிடுவார். கையில் அவர் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து புகட்டுகிற பிளாஸ்டிக் சிரிஞ்சு. அதன் முனையில் மாட்டுகிற ஊசி மட்டும் எங்கள் ஊரிலிருந்து வந்தது, பருப்புப் பொடிக்குள் புதைந்து. மை புட்டிகளும் அங்கேயிருந்துதான். குக்கருக்குள் துண்டு சுற்றி, குக்கரைப் பெட்டிக்குள் வைத்து, விமானத்தில் வந்தன. இந்த ஊரில் மையே கிடைக்காத மாதிரி.

ஹீட்டர் காற்று வருகிற ஜன்னலோரமாகப் பழைய விளம்பரத் தாள்களை விரித்து உட்காருவார்கள். அப்பா பேனாவின் கழுத்தில் ரப்பர் பேண்டைச் சுற்றி, கட்டிங் பிளேயரால் முனையைப் பிடித்து இழுப்பார். அங்கிளுக்கு அந்தப் பொறுமை கிடையாது, பல்லால் கடித்து இழுப்பார். அவர் உதட்டின் இடது மூலையில் எந்நேரமும் ஒரு நீலப் புள்ளி இருக்கும். அதோடுதான் திங்கட்கிழமை அலுவலகமும் போவார். அறை முழுக்கப் பினாயில் மாதிரி மை வாசனை. சாம்பாரில்கூட எனக்கு அந்த வாசனை அடித்தது.

"சார், இவனுங்க எப்படி சார் நிலாவுக்குப் போனானுங்க? பேனாவுக்கு மை ஊத்தத் தெரியல" என்பார் அங்கிள்.

"போறதுக்கு என்னங்க, யாரு வேணாலும் போலாம். இது மூளை வேல" என்பார் அப்பா.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். மறுபடியும் சிரிஞ்சை எடுப்பார்கள். விளிம்பு வரை ஏற்றுவார்கள், ஒரு சொட்டு இடம் விடமாட்டார்கள், காலி இடம் விட்டால் நஷ்டமாம். அப்படியே அழுத்தி மூடுவார்கள். அந்த அழுத்தத்திலேயே உள்ளே எல்லாம் திமிறிக்கொண்டு நிற்கும். சட்டைப் பாக்கெட்டில் வைத்தால் உடம்புச் சூடு. சூடானால் உள்ளே இருப்பது விரியும். விரிந்தால் இருக்கிற ஒரே ஓட்டை வழியாக மை வெளியே வரும். என் தொழிலில் இது முதல் நாள் பாடம். அந்த மேசையில் இருந்த இரண்டு பேரும் இன்ஜினியர்கள்.

அந்தப் பேனா ஒன்று பள்ளிக்கூடத்தில் என் மேல் வெடித்தது. வெடித்தது என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. ஜிம் வகுப்பில் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். முன்னாலிருந்த பையன் திரும்பிப் பார்த்துக் கத்தினான். குனிந்து பார்த்தால் வெள்ளைச் சட்டையின் இடது பக்கம் முழுவதும் நீலம், இன்னும் பரவிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து என் பெயர் ஸ்க்விட். கணவாய் மீன். பயந்தால் மை பீச்சுமே, அது. பேருந்தில் நான் ஏறினால் எல்லோரும் புத்தகப் பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் காட்டினேன்.

"நீ தலகீழா வெச்சிருப்ப" என்றார் அப்பா.

"இல்லைங்கப்பா, நேராத்தான்…"

"பாக்கெட்ல மைக் கறை இருந்தாப் படிச்சவன்னு அர்த்தம்டா. எங்க காலத்துல அதுக்கு ஏங்குவோம்."

அம்மா எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தாள், பாலில் ஊறவைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சட்டை அடுப்படித் துணியானது. மறுநாள் அப்பா எனக்கு இரண்டு பேனாவாகக் கொடுத்தார், ஒன்று ஒழுகினால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

சாதாரண பால்பாயிண்ட் பேனா ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்குள் அது நுழைய முடியாது. பால் பேனா பிடித்தால் கையெழுத்து கெட்டுவிடும் என்று அப்பாவின் தலைமை ஆசிரியர் எப்போதோ சொல்லியிருந்தார். அப்பா கடல் தாண்டி வந்துவிட்டார், தலைமை ஆசிரியரும் கூடவே வந்துவிட்டார். என் டீச்சர்தான் பரிதாபப்பட்டு ஒரு பால்பாயிண்ட் பேனா கொடுத்தார். அதை வீட்டில் சாக்ஸுக்குள் சொருகி வைத்திருப்பேன். சிகரெட்டை ஒளிப்பார்கள், நான் பேனாவை ஒளித்தேன்.

இனி அக்கா கதை.

அக்காவுக்குப் பதினாறு. பென்சிலில் வரைவாள். மலை, சூரியன், தென்னை மரம் இதெல்லாம் இல்லை. துணி துவைக்கிற அறையில் வாய் திறந்து கிடக்கும் இயந்திரங்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் கோட்டு முதுகுகள். அம்மாவின் பித்தவெடிப்புக் குதிகால். அவளுடைய ஓவிய டீச்சர் ஒரு கல்லூரியில் நடக்கும் கோடைகால ஓவியப் பள்ளியைப் பற்றிச் சொன்னார். ஆறு வாரம் அங்கேயே தங்கிப் படிக்கலாம், தேர்ந்தெடுத்தால் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆறு படங்கள் அனுப்ப வேண்டும். அக்கா இரண்டு நாள் தயங்கிவிட்டு அப்பாவிடம் போய் நின்றாள்.

அப்பா திட்டுவார் என்று நினைத்தோம். திட்டவில்லை.

"அனுப்பு. செலக்ட் ஆனா நானே கொண்டுபோய் விடறேன். ஆகலைன்னா இந்தப் படம் வரையற வேலைய மூட்டை கட்டி வெச்சுட்டு, ஒழுங்கா கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கணும். சரியா?"

"சரிங்கப்பா."

"அப்பறம் அழக் கூடாது."

"அழ மாட்டேன்."

ஆறு படங்களில் ஒன்று அப்பாவின் கை. சிரிஞ்சைப் பிடித்த கை, கட்டைவிரல் நகத்தில் மை, மணிக்கட்டில் தளர்ந்து தொங்குகிற கடிகாரம். ஒரு பச்சைக் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி அந்தப் பேனாவைப் பிடித்திருப்பார். அதில் கிண்டல் துளிகூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். இந்த மனிதரைப் போய் இவள் எப்படி இப்படிப் பார்க்கிறாள் என்று.

ஞாயிறு மாலை பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய உறை மேசைக்கு வந்தது. விண்ணப்பத்தையும் உறையையும் அப்பாவே எழுதுவேன் என்றார், அவர் கையெழுத்துதான் வீட்டில் அழகு. ஊசி போட்டுப் பிழைத்த பேனாக்களில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். தாளில் இரண்டு சுழி சுழித்துப் பார்த்தார். எழுதினார். அச்சடித்த மாதிரி இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"அப்பா, படமெல்லாம் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாமா? டீச்சர் சொன்னாங்க" என்றாள் அக்கா.

"எதுக்கு? ஃப்ரம் அட்ரஸ் போட்டிருக்கேன்ல? செலக்ட் ஆகலைன்னாப் பத்திரமாத் திருப்பி அனுப்புவான். இது அமெரிக்கா."

பேனாவுக்கு மை ஊற்றத் தெரியாதவர்கள் மேல் திடீரென்று அவ்வளவு நம்பிக்கை.

அம்மா மஞ்சளைக் குழைத்து உறையின் நான்கு மூலையிலும் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மறுநாள் திங்கள், தபாலில் சேர்க்கக் கடைசி நாள். காலையில் அப்பாவும் அக்காவும் கிளம்புகிற நேரம் ராகு காலம். நல்ல காரியத்துக்கு உறையை அப்போது வெளியே எடுக்கக் கூடாது என்று முடிவானது. எனக்கு அன்று அரை நாள்தான் பள்ளி. அம்மா மேல்வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே மதியம் நான் போய்ப் பெட்டியில் போடுவது என்று ஏற்பாடு.

மதியம் மழை. ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்க்காது, சாய்வாக, ஐஸ் தண்ணீராகப் பெய்துகொண்டே இருக்கும். அம்மா உறையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொடுத்தாள்.

"நனைச்சிராத சாமி. அக்கா படம்."

தபால் பெட்டி கடைகளுக்கு முன்னால், பத்து நிமிஷ நடை. பாதி வழியில் என் தலை நனைந்து காதெல்லாம் வலித்தது. உறையைப் பையிலிருந்து உருவி ஜாக்கெட்டுக்கு வெளியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையைத் தலையில் மாட்டிக்கொண்டேன். அந்த நிமிஷம் வரைக்கும் அது பன்னிரண்டு வயதுப் பையனின் முட்டாள்தனம். அதுவரைக்கும் என்னை மன்னித்துவிடலாம்.

பெட்டிக்கு முன்னால் நின்று உறையைப் பார்த்தேன். அப்பாவின் அழகான எழுத்துகள் ஒவ்வொன்றாக நீலக் கால் நீட்டி இறங்கிக்கொண்டிருந்தன. பால்பாயிண்ட் மை எண்ணெய் மாதிரி, தண்ணீருக்கு அசையாது. இது சாதாரணப் பேனா மை. கரையும். கல்லூரியின் பெயரை இன்னும் படிக்க முடிந்தது. தெருப் பெயர் கஷ்டப்பட்டால் படிக்கலாம். மூலையில் எங்கள் முகவரி வெறும் நீல மேகம். மஞ்சள் மட்டும் நாலு மூலையிலும் அப்படியே இருந்தது.

என் ஜாக்கெட் பாக்கெட்டில் டீச்சர் கொடுத்த பால்பாயிண்ட் பேனா இருந்தது. பக்கத்தில் கடையின் கூரை இருந்தது. அதன் அடியில் போய் நின்று, சட்டையால் துடைத்து, அந்த எழுத்துகள் மேலேயே திரும்ப எழுத இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

எனக்கு அது தோன்றாமல் இல்லை. நன்றாகத் தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. இது இப்படியே போகட்டும். நீலக் கறையோடு திரும்பி வரட்டும். தபால்காரன் அப்பா கையில் கொடுக்கட்டும். 'ஸ்க்விட்' என்று ஊரே கத்துவதை அவரும் ஒரு தடவை கேட்கட்டும். மேல்வீட்டு அங்கிள் பார்த்து வாயடைத்துப் போகட்டும். எங்கள் முகவரி அழிந்த உறை எங்கள் வீட்டுக்கு எப்படித் திரும்பி வரும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இல்லை. வெறுப்பு மட்டும் விளிம்பு வரை இருந்தது. கூரைக்குப் போகவில்லை. மழையிலேயே நின்று, கல்லூரியின் பெயரும் கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பெட்டியின் வாயைத் திறந்து உள்ளே தள்ளினேன்.

உள்ளே விண்ணப்பத்தில் முகவரி இருந்திருக்குமே என்பீர்கள். இருந்தது. அதையும் அப்பா அந்தப் பேனாவால்தான் எழுதியிருந்தார், உறையோ ஊறிப்போயிருந்தது.

"நனையலையே?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லைங்கம்மா."

அக்கா தினமும் பள்ளி விட்டு வந்ததும் சாவியோடு எங்கள் தபால் பெட்டிக்கு ஓடுவாள். நான் அவளுக்கு முன்னால் ஓடிப் பார்ப்பேன், எனக்கு என் காரணம். தேர்வானவர்களுக்குக் கடிதம் வர வேண்டிய வாரம் வந்தது, போனது. அதற்கடுத்த வாரமும் போனது. படங்களும் திரும்பவில்லை.

அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். "நான் அப்பவே நெனச்சேன். நல்லா இருந்திருந்தாக் கூப்பிட்டிருப்பான். அவனுக்குப் புடிக்கல, குப்பையில போட்டிருப்பான். இதுக்குப் போயி மனச விடாத கண்ணு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்பாகச் சொன்னார். குப்பையிலிருந்து ஒவ்வொரு பேனாவாகப் பொறுக்கிப் பிழைக்கவைத்தவருக்கு, கல்லூரிக்கு ஃபோன் போட்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஓகேப்பா" என்றாள். ஒப்பந்தப்படி அழவில்லை. அன்று மாலை பென்சில்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, என்னிடம் கொடுத்தாள்.

"உனக்கு வேணும்னா வெச்சுக்கோடா. ஸ்கூலுக்கு ஆகும். இதுங்க ஒழுகாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. அங்கிள் லுங்கியோடு இறங்கி வந்தார், சிரிஞ்சு வந்தது, நிலாவுக்குப் போனவர்கள் மறுபடியும் முட்டாள்கள் ஆனார்கள். இந்தத் தடவை அக்காவும் உட்கார்ந்தாள். அவளுக்குத்தான் இப்போது நேரம் இருந்ததே. ஏற்றி முடித்த பேனாக்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக் கொடுத்தாள்.

அத்தை இப்போது டெக்சாஸில், இர்விங்கில் நல்ல வேலையில் இருக்கிறாள், உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள் அட்டையில்கூட ஒரு பூ வரைய மாட்டாள், கடையில் வாங்கியதில் கையெழுத்து மட்டும். "எனக்கு ட்ராயிங் வராதுப்பா" என்று உங்களிடம் அவள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தாத்தா போய்ச் சேரும்வரை அதையே நம்பினார். வரும் என்று தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு, விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் அவள் வீட்டு ஏசியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவும் அங்கிளும் செய்தது அசட்டுத்தனம். என்னிடம் இருந்ததற்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

மகளே, உன் சிரிஞ்சை எடுத்து வைத்துக்கொள். முக்கால்வாசிக்கு மேல் ஏற்றாதே, பாக்கெட்டில் வைக்காதே. இந்தப் பக்கங்களை நீ மை ஏற்றிய பேனாவால்தான் எழுதினேன். நன்றாகவே எழுதுகிறது, கடுப்பாக இருக்கிறது.

இதை முதலில் உங்களுக்குத் தரப்போவதில்லை. அத்தைக்கு அனுப்புகிறேன். நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், அவள் படித்துவிட்டு உங்களுக்குக் கொடுத்திருக்கிறாள். கொடுக்காவிட்டால் அது அவள் உரிமை. கூடவே அந்த பிஸ்கட் டப்பாவும் போகிறது. ஒரு பென்சிலைக்கூட நான் சீவவில்லை.

முகவரியை மட்டும் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினேன். பிறகு குழாயைத் திறந்து கட்டைவிரலை நனைத்து, அத்தையின் பெயர் மேல் தேய்த்துப் பார்த்தேன். மூன்று தடவை தேய்த்தேன். அசையவில்லை.